தொப்பையும் ஒரு சத்துக்குறைவே

இரைப்பை, குடல், கல்லீரல் நோய்களைப் பார்ப்பது என் தொழில். மறைமலைநகரையும் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்ந்தவர்களுக்காகவே இந்தத் தொழிலின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள், கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடைப்பட்ட மீனவக் குப்பங்களின் மக்கள் என்று மூன்று வகை வாழ்க்கை இங்கே கலந்திருக்கிறது. இத்துறைக்கு நான் வந்த நாளில் வயிற்றுப்புண்ணும் மஞ்சள் காமாலையும் தீராத வயிற்றுப்போக்கும்தான் எங்கள் அன்றாட வேலை. இன்று அதே மக்களின் ஸ்கேன் அறிக்கைகளில் ‘ஃபேட்டி லிவர்’ என்ற இரண்டு சொற்கள் வழக்கமாகிவிட்டன. வயிற்றுப்புண் குறைந்து கொழுப்புக் கல்லீரல் பெருகியதைப் பலரும் வறுமை போய் வசதி வந்ததன் அடையாளமாகப் படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இப்பகுதி மக்களின் தொப்பை, சாப்பாடு மிஞ்சியதால் மட்டும் வந்ததன்று. தலைமுறைகளாகத் தொடர்ந்த சத்துக்குறைவு இன்று எடுத்திருக்கும் உருவம் அது. குடல் நோயை ஒரு மருத்துவரிடமும், சத்துணவை அங்கன்வாடியிடமும், உடல் பருமனை உடற்பயிற்சிக் கூடத்திடமும் பிரித்துக் கொடுத்துவிட்டதால் இந்த உண்மை யார் கண்ணிலும் முழுதாகப் படாமல் போகிறது. மூன்றும் ஒரே நோயின் மூன்று பருவங்கள் என்பதற்கான சான்றுகளை இங்கே முறைப்படி எடுத்து வைக்க விரும்புகிறேன்.

சோற்றிலிருந்தே தொடங்கலாம். நம் நாட்டில் சத்துணவு ஆராய்ச்சி பிறந்தது நீலகிரியில். ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அந்த ஆய்வுக்கூடமே. தீட்டிய பச்சரிசி உண்ட கடலோர ஆந்திரத்தில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அந்த அளவுக்கு இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டிய பகுதியில் உள்ள தயமின் என்ற விட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை என்பதே காரணம். அரை நூற்றாண்டு கழித்து, மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி வேறொரு வரைபடத்தை வரைந்தார். முன்சிறுகுடல் புண் அரிசி உண்ணும் தெற்கில் மிகுதியாகவும், தீட்டாத கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளில் குறைவாகவும் இருப்பதை 1979இல் எழுதினார். ஹெலிகோபாக்டர் என்ற கிருமிதான் புண்ணின் முதன்மைக் காரணம் என்பது பிறகு உறுதியானது; அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கிருமி வடக்கிலும் தெற்கிலும் பரவலாகவே இருந்தது. ஒரே கிருமி ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் புண்ணை உண்டாக்கியது ஏன் என்ற கேள்விக்கு விடை தேட, தட்டையும் பார்த்தே ஆக வேண்டும். குடல் நோயும் உணவும் ஒன்றையொன்று தொட்டே கிடக்கின்றன என்பதற்கு நம் மண்ணின் முதல் சாட்சிகள் இவை.

அடுத்த சாட்சி வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் சிறுகுடலை ஆராய்ந்து செய்த பணி, என் துறையினர் எல்லோரும் தலைவணங்க வேண்டிய பணி. வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளை நோய்போலப் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல் நோயை அவர்கள் தேடிப் போனார்கள். உண்ட உணவின் கொழுப்பும் பி12, ஃபோலேட் போன்ற விட்டமின்களும் உறிஞ்சப்படாமல் வெளியேறி, ஆளை உருக்கிவிடும் நோய் அது. நோயாளிகளோடு ஒப்பிடுவதற்காக நலமாக நடமாடும் கிராமத்தாரின் குடல் சதையையும் எடுத்துப் பார்த்தபோது, அங்கேயும் மாற்றம் இருந்தது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் மேலைநாட்டவருடையதைப்போல நீண்டு மெலிந்திராமல் மழுங்கியிருந்தன. பலருக்கு உறிஞ்சும் திறனும் குறைந்திருந்தது. எந்த நோயும் இல்லை என்று தம்மை நினைத்திருந்தவர்கள் அவர்கள். அசுத்தமான தண்ணீரும் மலம் கலந்த மண்ணும் சிறு வயதிலிருந்து ஓயாமல் தொற்றிக்கொண்டே இருந்தால் குடல் இப்படித்தான் மாறுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் பெரியது. தட்டில் சோறு விழுந்துவிட்டதாலேயே உடம்புக்குச் சத்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு எழுத முடியாது. தட்டுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் குடல் இருக்கிறது. கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஊரில் பாதிச் சத்துணவுத் திட்டம் குடலின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அப்படி நின்றுபோன சத்து என்ன செய்தது? உடம்பைச் சிறியதாக்கியது. அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர், ஏழை நாட்டுக் குழந்தைகள் சிறுத்திருப்பது நோயன்று, குறைந்த உணவுக்கு ஏற்ப உடல் செய்துகொண்ட தகவமைப்பு, சிறிதானாலும் நலமே என்று வாதிட்டார். அதை வன்மையாக மறுத்தவர்களில் முதல்வர் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணி தொடங்கிய சி. கோபாலன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தையும் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் வழிநடத்தி, 1980இல் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவியவர். சிறுமை நலமென்றால் அதைச் செல்வர்களின் குழந்தைகளுக்கு ஏன் பரிந்துரைப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். சிறுத்த உடலுக்குள் குறைந்த தசையும், குறைந்த உழைப்புத் திறனும், சிறுத்த அடுத்த தலைமுறையும் ஒளிந்திருக்கின்றன என்று அவர் எச்சரித்தார். அன்று அது மனிதாபிமான வாதமாக மட்டும் பலர் காதில் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த சான்றுகள், அது துல்லியமான மருத்துவ முன்னறிவிப்பு என்பதைக் காட்டிவிட்டன.

அந்தச் சான்றுகளில் முதன்மையானது புனேயிலிருந்து வந்தது. சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. எடை குறைவு என்பது தெரிந்த செய்திதான். தெரியாத செய்தி, எது குறைந்திருந்தது என்பது. தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகச் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்போ ஏறக்குறைய அப்படியே காக்கப்பட்டிருந்தது. கருவிலேயே பஞ்சத்தைக் கண்ட உடல், தசையைத் தியாகம் செய்து கொழுப்பைச் சேமித்துக்கொண்டது. மெலிந்த தோற்றமும் கொழுத்த உள்ளுடலும் கொண்ட இந்தியர் என்ற கருத்து அங்கே பிறந்தது. 2004இல் லான்செட் இதழில் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படங்களையே வெளியிட்டார்கள். இருவரின் உடல் எடைக் குறியீடும் (பிஎம்ஐ) 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். எடைக் கருவி இருவரையும் ஒன்றென்று சொன்னது. உடலின் உள்ளமைப்பு வேறு சொன்னது. பட்டினியும் பருமனும் எதிரெதிர்த் துருவங்கள் என்ற எண்ணத்தை இதைவிடத் தெளிவாக உடைத்த சான்று வேறொன்றை நான் அறியேன்.

தசை குறைந்த உடலில் கொழுப்பு எங்கே போகும் என்பதுதான் என் துறையின் கேள்வி. சோறு உண்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிவைக்கும் கிடங்கு தசை. கிடங்கு சிறிதென்றால் மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது; கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. தோலுக்கடியில் சேமிக்க இடமும் குறைவாக இருந்தால் அது வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளேயும் தேங்குகிறது. மதுவே தொடாதவரின் கல்லீரலில் கொழுப்பு ஏறும் வழி இதுதான். சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னை நகரத்தில் செய்த ஆய்வில், 541 பேரில் 32 சதவீதத்தினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை நோயுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு. இது நகரத்துச் சொகுசு நோய் என்று சொல்ல முனைபவர்கள், 2010இல் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஆய்வைப் படிக்க வேண்டும். உடலுழைப்பை நம்பி வாழும் ஏழை மக்கள், அவர்களிலும் 8.7 சதவீதத்தினருக்குக் கொழுப்புக் கல்லீரல். அப்படி இருந்தவர்களில் நாலில் மூன்று பேரின் எடைக் குறியீடு 25க்கும் கீழே. பாதிப் பேருக்கு மேல் எடையும் கூடவில்லை, தொப்பையும் இல்லை. வசதியால் வந்த நோய் என்ற விளக்கம் பீர்பூமில் நிற்கவே முடியாது.

இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணி உண்டு. அதுவும் குடலைச் சேர்ந்தது. பி12 விட்டமின் மீன், முட்டை, பால், இறைச்சி போன்ற உணவில்தான் கிடைக்கிறது. இரைப்பையின் அமிலம் அதை உணவிலிருந்து பிரித்தெடுக்க, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதை ஏந்திக்கொள்ள, சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்ச வேண்டும். மூன்றில் ஒன்று பழுதானாலும் விட்டமின் சேராது. புனே ஆய்வில் தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. கர்ப்பத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளே ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தவர்களாக இருந்தார்கள் என்று 2008இல் அக்குழு எழுதியது. நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்கப்படும் அமிலக் குறைப்பு மாத்திரைகளை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். தேவைப்படுபவருக்கு அவை உயிர் காக்கும் மருந்து; தேவையில்லாமல் நீளும்போது பி12 உறிஞ்சுதலைக் குறைக்கும். சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மினும் அப்படியே. ஆக, நெஞ்செரிச்சலுக்கு எழுதப்படும் ஒரு சீட்டு சத்துணவுப் பிரச்சினையாக மாறலாம். அந்த நெஞ்செரிச்சலேகூட பல நேரங்களில் தொப்பை இரைப்பையை அழுத்துவதால் வந்ததாக இருக்கும். காரணத்தைத் தொடாமல் மாத்திரையை நீட்டிக்கொண்டே போவது, என் துறை தினமும் செய்யும் தவறு.

இங்கே எழும் முதல் மறுப்பு: ரத்தசோகையே தீராத மாநிலத்தில் பருமனைப் பற்றிப் பேசுவது வசதி படைத்தோர் கவலையல்லவா? ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதே பெண்களில் 40.4 சதவீதத்தினர் எடை மிகுந்தவர்கள் அல்லது பருமனானவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதமாக இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. பாதிக்கு மேல் ஒன்று, ஐந்தில் இரண்டு பங்கு இன்னொன்று என்றால் இவை முற்றிலும் இரு வேறு மக்கள் கூட்டங்களாக இருப்பது அரிது. ஒரே வீட்டில், பல நேரங்களில் ஒரே பெண்ணின் உடலில், இரும்பு குறைந்தும் இடுப்பு பெருத்தும் இருக்கிறது. வயிறு நிறைந்து உடம்பு பட்டினி கிடக்கிறது. ரத்தசோகைக்கு மாத்திரையும் தொப்பைக்கு அறிவுரையும் தனித்தனியே கொடுப்பதால்தான் இரண்டும் தீரவில்லை. பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் குறைந்த, சோறும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த தட்டு ஒன்றே இரண்டுக்கும் ஊற்று.

இரண்டாவது மறுப்பு நம் பாட்டன் பூட்டன் பெயரால் வருகிறது. அவர்கள் மூன்று வேளையும் சோறுதானே தின்றார்கள்? தின்றார்கள். அந்த அரிசி கைக்குத்தலாகவோ புழுங்கலாகவோ இருந்தது. கூடவே கேழ்வரகும் கம்பும் இருந்தன. எண்ணெய் சொட்டுக் கணக்கில் விழுந்தது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக் களையெடுத்த உடல் அந்தச் சோற்றை அன்றன்றே எரித்துவிட்டது. இன்று அதே குடும்பத்தின் பிள்ளை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டில் நின்றோ உட்கார்ந்தோ வேலை செய்கிறான். உடலின் கடிகாரம் உறங்கச் சொல்லும் நேரத்தில் டீயும் பன்னும், விடிந்ததும் பரோட்டாவும் அவன் உணவு. இரவில் உண்ட மாவுச்சத்தைக் கையாளும் திறன் உடலுக்குப் பகலைவிடக் குறைவு. சென்னையில் நடந்த ஆய்வுகளின்படி நகர மக்களின் அன்றாடக் கலோரியில் ஏறக்குறையப் பாதி, தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதைக் கூடுதலாக உண்டவர்களிடம் சர்க்கரை நோயும் கூடுதலாக இருந்தது. இதைச் சொல்லும்போது ரேஷன் அரிசியைப் பழிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2011 முதல் விலையின்றிக் கிடைக்கும் அரிசி இம்மாநிலத்தில் பசியை விரட்டியது. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் விரித்த மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைக் காத்தன. பசியைத் தீர்த்த அரசு அடுத்துச் சத்தைத் தீர்க்க வேண்டும் என்பதே என் வாதம். 2007 முதல் ரேஷனில் பாமாயிலோடு துவரம்பருப்பும் சேர்ந்தது நல்ல தொடக்கம். தட்டில் பருப்பின் பங்கு எண்ணெயின் பங்கை முந்த வேண்டும். மாமல்லபுரக் கடற்கரையில் கவலை மீனும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் கரையேறுகின்றன. புரதமும் பி12உம் நல்ல கொழுப்பும் நிறைந்த மலிவான மீன்கள் இவை. அவை கரையேறும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஷிப்ட் தொழிலாளியின் தட்டில் வறுத்த அப்பளம்தான் இருக்கிறது என்றால், குறை விளைச்சலில் இல்லை.

மூன்றாவது மறுப்பு அறத்தின் குரலில் பேசுகிறது. பருமன் என்பது நாவை அடக்காததன் விளைவு, அதற்கு மருத்துவம் எதற்கு என்கிறது. இந்தக் குரல் மருத்துவர்களிடமும் உண்டு. நோயாளியை வெட்கப்படுத்தித் திருப்பி அனுப்புவது இதுதான். குடலைப் படித்தவர் இதை ஏற்க முடியாது. வெறுமையான இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் பசியைத் தூண்டுகிறது. 1999இல் அதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானியர். உணவு சிறுகுடலின் கடைப்பகுதியை எட்டியதும் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்து, இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கி, மூளைக்குப் போதும் என்று தெரிவிக்கிறது. எடை குறைத்தவர்களின் உடலில் என்ன நடக்கிறது என்பதை மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011இல் காட்டினார்கள். எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன. உடல் இழந்த எடையைத் திரும்பப் பெறப் போராடுகிறது. இரைப்பையைச் சுருக்கிக் குடல்வழியை மாற்றும் அறுவை சிகிச்சையில், எடை பெரிதாகக் குறையும் முன்பே, சில நாட்களுக்குள் சர்க்கரை கட்டுப்படுவதைக் காண்கிறோம். பசியும் நிறைவும் பெருமளவு குடலில் எழுதப்படுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கருவில் கொழுப்பைச் சேமிக்கக் கற்ற உடலோடு, இரவு ஷிப்டோடு, மலிவான எண்ணெய்ப் பலகாரத்தோடு போராடும் ஒருவரை நாவடக்கம் இல்லாதவர் என்று தீர்ப்பளிப்பது அறிவியலுக்கும் அடுக்காது, அறத்துக்கும் அடுக்காது.

அப்படியென்றால் எடை குறைக்கும் ஊசி போதுமே என்பது நான்காவது மறுப்பு. 2025இல் டிர்செபடைடும் எடை குறைப்புக்கான செமகுளூடைடும் இந்தியச் சந்தைக்கு வந்தபின் இந்தக் கேள்வி ஒவ்வொரு மருத்துவரின் அறையிலும் கேட்கிறது. இம்மருந்துகளின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. செமகுளூடைடின் முதன்மை ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நன்மை உண்டு. குடலின் ஹார்மோனைப் பின்பற்றிச் செய்த மருந்து இது என்பதில் என் துறைக்குப் பெருமையும் உண்டு. ஆனால் மருந்தை நிறுத்தி ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பதையும் அதே ஆய்வின் தொடர்ச்சி சொன்னது. குறைகிற எடையில் ஒரு பகுதி தசை. மேலைநாட்டவருக்கு இது சிறு இழப்பாக இருக்கலாம். பிறக்கும்போதே தசை குறைந்த நம் மக்களுக்கு அது முதலிலேயே கைவைப்பது. போதிய புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் இல்லாமல் வெறும் ஊசியால் எடை குறைப்பவர், பழைய சத்துக்குறைவுக்கே வேறு வழியாகத் திரும்புகிறார். மருந்து வேண்டும் சிலருக்கு. தட்டு மாற வேண்டும் எல்லோருக்கும்.

ஐந்தாவதாக, அளவுகோலைப் பற்றிய ஐயம். 25க்குக் கீழே எடைக் குறியீடு இருந்தால் உலகம் நலம் என்கிறது, நாம் மட்டும் 23லேயே எச்சரிப்பது பீதியைப் பரப்புவதாகாதா என்று கேட்கிறார்கள். பிற மண்ணில் உண்மையான ஒன்று நம் மண்ணிலும் அப்படியே பொருந்தும் என்று எண்ணக்கூடாது என்பதை உலகுக்குக் கற்பித்ததே பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். 1968இல் இங்கே தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பங்கேற்றார்கள். பிரிட்டனில் காசநோயைத் தடுத்த அதே ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. ஐரோப்பிய உடலை அளந்து வகுத்த எடைக் கோட்டுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே ஆசியருக்கு 23ஐ எச்சரிக்கைப் புள்ளியாகச் சொன்னது. இந்திய மருத்துவர்களும் 2009இல் அதையே ஏற்று, ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று இடுப்புச் சுற்றளவுக்கும் எல்லை வகுத்தார்கள். எடைக் கருவியை ஏமாற்றும் உடலை அளவு நாடா ஏமாற்ற விடாது. தையல்காரரிடம் இருக்கும் அந்தக் கருவி பல மருத்துவர்களின் மேசையில் இல்லை என்பது என் துறைக்கு இழுக்கு.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. உணவையும் உழைப்பையும் மாற்றச் சொன்னால் யார் கேட்கிறார்கள், நெரிசலான அரசு மருத்துவமனையில் அதற்கு நேரம் ஏது என்பது. விடை சென்னையிலிருந்தும் நம் மாவட்டத்திலிருந்துமே வந்திருக்கிறது. ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதத்தினர். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்த நன்மை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செய்யூர் வட்டத்துச் சூனாம்பேட்டைச் சுற்றியுள்ள 42 கிராமங்களில் மோகன் குழுவினர் தொலைமருத்துவ வண்டியைக் கொண்டு 23,449 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். அது அங்குள்ள பெரியவர்களில் 86 சதவீதத்துக்கும் மேல். கிராமத்திலேயே மருத்துவமும் அறிவுரையும் தந்தபோது ஓராண்டில் சர்க்கரை நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் அளவு) 9.3 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதத்துக்கு இறங்கியது. கல்லீரலைப் பொறுத்தவரை கியூபாவில் 293 பேரை ஓராண்டு தொடர்ந்த 2015 ஆய்வு போதும். உணவாலும் நடையாலும் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் கல்லீரல் அழற்சி மறைந்தது. ஒல்லியானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம் குறைந்தாலே பலன் உண்டு. மக்கள் கேட்கமாட்டார்கள் என்பது, தொடர்ந்து சொல்லிப் பார்க்காதவர்களின் முடிவு.

செய்ய வேண்டியவற்றுக்கான சாலை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. மத்திய அரசு 2021இல் கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே போகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அந்தக் கைகளில் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். வயிற்றுவலிக்கு வருகிறவரிடம் எண்டோஸ்கோபி எழுதும் முன், நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கட்டும் என் துறை இளைஞர்கள். கர்ப்பிணிக்கு இரும்பு, ஃபோலிக் மாத்திரையோடு பி12 நிலையையும் பார்க்கட்டும் மகப்பேறு மருத்துவர்கள். தொழிற்சாலைகளின் கேன்டீன்கள் இரவு ஷிப்டுக்கு அவித்த முட்டையும் சுண்டலும் தரட்டும். தொழிற்சங்கங்கள் கூலியோடு அதையும் கேட்கட்டும். கழிப்பறையையும் நல்ல தண்ணீரையும் சத்துணவுத் திட்டத்தின் பகுதியாக நிர்வாகம் எண்ணட்டும்.

நாங்கள் வாழும் இந்த நகரம், மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தல் எப்படி என்று நூல் எழுதிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த விடை சிறியது. வாசிப்பவர் அனைவரும் இன்றே தொடங்கக்கூடியது. உங்கள் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். தட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் பருப்பையோ மீனையோ முட்டையையோ வையுங்கள். பாக்கி இடத்தைக் கீரையும் காயும் நிரப்பட்டும். உண்டபின் பத்து நிமிடம் நடங்கள். உங்கள் வீட்டில் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு முதலில் பரிமாறுங்கள். நாளை பிறக்கும் பிள்ளையின் கல்லீரல் இன்று அவள் தட்டில் உருவாகிக்கொண்டிருக்கிறது.